நாய் கடித்த கோழிக்கு மஞ்சள் பற்றா, உப்புத் தண்ணீரும் அயோடினுமா?

போன பங்குனியில் ஒரு விடியற்காலை எங்கள் தோட்டத்துக் கோழிக்கூண்டுக்குள் தெருநாய் புகுந்துவிட்டது. இரண்டு வெடைக்கோழிகள் முதுகுத் தோல் கிழிந்த நிலையில் தப்பின. கறுப்பிக்கு அப்பத்தா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டார். செவலையை நான் உப்புத் தண்ணீரில் கழுவி, பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி மருந்தைப் போட்டேன். இனி எந்தக் கோழி கடிபட்டாலும் எனக்கு இரண்டாவது வழிதான்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. கடிபட்ட கோழியைத் தனியாக, இருட்டாக, கதகதப்பாக வைப்பதும் இரண்டுக்கும் பொது. ரத்தத்தைப் பார்த்தால் மற்ற கோழிகள் கொத்தியே கொன்றுவிடும்.

மஞ்சளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சின்னக் கீறலுக்கு அது போதும், வீட்டில் எப்போதும் இருக்கிறது. சிக்கல் அது காய்ந்த பிறகுதான். இறகோடு ஒட்டி ஓடு மாதிரி இறுகிவிடுகிறது. அடியில் என்ன நடக்கிறது என்று தெரிவதில்லை. ஈ வைக்கும் முட்டை ஒரே நாளில் புழுவாகிவிடும். மூன்றாம் நாள் கறுப்பியிடம் ஒரு வாடை. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் காய்ந்த பற்றை ஊறவைத்துத் தூக்கினேன். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அது கண்ணை மூடிக்கொண்டு என் மடியில் கிடந்தது. அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து, "பொறுத்துக்க ஆத்தா" என்று அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

செவலையின் புண் திறந்தே இருந்தது. இரண்டாம் நாள் ஓரத்தில் ரவை சிதறினாற்போல் ஈ முட்டை தெரிந்தது, பொரிப்பதற்குள் துடைத்துவிட்டேன். என்னைப் பொறுத்தவரை எந்த மருந்து என்பதைவிட, தினமும் புண்ணைக் கண்ணால் பார்க்க முடிகிறதா என்பதுதான் முக்கியம்.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. புண்ணைச் சுற்றி இறகைக் கத்தரிக்க வேண்டும். பிடுங்கினால் தோலும் கிழியும். ஊசி இல்லாத சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவி, பால் விடாத லேசான டீ நிறத்துக்கு அயோடினைத் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். காலையும் மாலையும் இதே வேலை. பஞ்சாரத்தின் மேல் பழைய கொசுவலையும் போட்டிருந்தேன். நுரைக்கும் பெராக்சைடு வேண்டாம்; அது புதுச் சதையையும் அரிக்கும்.

இரண்டே கோழிகளை வைத்துச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கறுப்பியின் காயம் கொஞ்சம் ஆழம், அதனால் அது ஒரு வாரம் பிந்தித் தேறியதற்கு மஞ்சளை மட்டும் காரணமாக்க முடியாது. பூனைக்கடியை நான் பார்த்ததில்லை. ஆனால் பல் இறங்கிய சின்ன ஓட்டைக்கு இந்த இரண்டு வைத்தியமும் போதாது. மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும். அதற்குக் கால்நடை மருந்தகம்தான். அங்கே ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்றும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.