கழற்றி மாட்டும் பேக்ரெஸ்ட்: இரண்டரை வருஷ அனுபவம்

வீடு குமுளியில். ஏலக்காய் வியாபாரம் என்பதால் வாரம் இரண்டு தடவையாவது போடிக்கு இறங்கி ஏற வேண்டும். நாற்பதைத் தாண்டிய முதுகு முனக ஆரம்பித்ததும், என் க்ரூஸர் பைக்கில் ஓட்டுபவருக்கான பேக்ரெஸ்ட், அதாவது முதுகு சாய்மானம், மாட்டினேன். பட்டறையில் சொல்லிச் செய்தது.

மலையில் இதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. கொண்டை ஊசி வளைவில் உடம்பைக் கொஞ்சம் நகர்த்தித்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். அப்போது இடுப்பில் இடிக்கும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் உடம்பு டேங்க் பக்கம் சரியும், பேக்ரெஸ்ட் பின்னால் சும்மா நிற்கும். லோயர் கேம்ப் தாண்டி, கம்பம், உத்தமபாளையம் என்று சமதளம் வந்த பிறகுதான் அதன் அருமை தெரியும்.

அமைப்பு எளிது. பின்சீட்டுக்கு அடியில் ஒரு பிராக்கெட், இரண்டு எட்டு எம்எம் போல்ட். அதில் செருகும் கம்பியை ஒரு நாப் திருகு பிடித்துக்கொள்ளும். வீட்டுக்காரி பின்னால் ஏறும் நாளில் கம்பியோடு உருவிவிடுவேன். உருவாமல் ஒருநாள் கூட்டிப்போனதற்கு, "நான் என்ன சாக்கு மூட்டையா?" என்று கேட்டுவிட்டாள். இடம் அவ்வளவு நெருக்கடி.

உருவ ஒரு நிமிஷம்தான். பிராக்கெட்டைக் கழற்றுவதுதான் வேலை. முதல் மழைக்காலம் முடிந்து கழற்றப் போனேன். ஜூனில் பிடித்த ஈரம் போல்ட்டைத் துருவோடு சேர்த்துக் கட்டியிருந்தது. ஸ்பேனரை அழுத்தினால் போல்ட் தலை உருளப் பார்த்தது. துருவை இளக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்து ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட் வந்துவிட்டது, கூடவே ஒரு வாஷர் பேட்டரிப் பெட்டிக்குள் குதித்தது. ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி மகன்தான் எடுத்துத் தந்தான்.

திரும்ப மாட்டும்போது நான் செய்த தப்பு, ஒரு போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததைத் தேடியது. ஓட்டை நேராக வரவே இல்லை. பக்கத்து மெக்கானிக் எட்டிப் பார்த்து, "எல்லாத்தையும் மொதல்ல விரல்ல மாட்டுங்கண்ணே, அப்புறம் முறுக்குங்க" என்றார். அப்படியே செய்தேன், உட்கார்ந்தது. பழைய நைலாக் நட்டை மறுபடி போடவில்லை. நட் தானாகக் கழலாமல் பிடிக்க உள்ளே இருக்கும் நைலான் வளையம், ஒருமுறை மரை ஏறியதும் பிடிப்பு குறைந்துவிடும். போல்ட் மரையில் லேசாக கிரீஸ் தடவினேன். இப்போது ஒவ்வொரு மே கடைசியிலும் கழற்றித் துடைத்து மாட்டுகிறேன். துரு அப்புறம் வரவில்லை.

பேக்ரெஸ்ட்டின் தூரம் முக்கியம். முதலில் முதுகை ஒட்டி வைத்தேன். அது என்னை முன்னால் தள்ளி, எடையெல்லாம் கைக்கு வந்து மணிக்கட்டு வலித்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் இரண்டு விரல் இடைவெளி இருக்கிற மாதிரி பின்னால் தள்ளியதும் வலி நின்றது.

நடுவில் கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. செயினோ என்று பயந்தேன். கம்பி, பிராக்கெட் குழாய்க்குள் ஆடிய சத்தம். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றினேன், அடங்கியது.

பின்னால் மூட்டை கட்டியிருந்தால் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. முன்பக்கமாக, டேங்குக்கு மேல் காலைக் கடத்தித்தான் ஏற வேண்டும். குமுளி மேட்டில் சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் இது பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை.

போன மாசம் நாப் திருகின் மரை தேய்ந்துவிட்டது. கம்பத்தில் லேத் பட்டறையில் புதிதாகக் கடையச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பேக்ரெஸ்ட் அலமாரியில்.