அஸ்பெர்ஜில்லஸுக்கு இரட்டை மருந்து: செக்கர்போர்டா, ஈடெஸ்ட் பட்டையா?

நுரையீரலில் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஊடுருவியவருக்கு வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்தோடு காஸ்போஃபஞ்சின் என்ற இன்னொன்றையும் கொடுத்தால் பலன் கூடுமா? ஆய்வகத்தில் இதைச் சோதிக்க செக்கர்போர்டு, ஈடெஸ்ட் என்ற இரண்டு முறைகள் பழக்கத்தில் உள்ளன.

செக்கர்போர்டுக்கு 96 குழித் தட்டு வேண்டும். ஒரு மருந்து இடமிருந்து வலமாகவும் மற்றது மேலிருந்து கீழாகவும் பாதி பாதியாகக் குறையும். குழிக்குக் குழி கலவை மாறும். பூஞ்சை வித்துகளைச் சேர்த்து, 35 டிகிரியில் 48 மணி நேரம் வைத்துப் படிக்கிறார்கள். ஒவ்வொரு மருந்தும் கலவையில் தேவைப்பட்ட அளவைத் தனியாகத் தேவைப்பட்ட அளவால் வகுத்து, இரண்டையும் கூட்டினால் ஒரு குறியீடு கிடைக்கும். அது 0.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் கூட்டுப்பலன், 4-ஐத் தாண்டினால் முரண், அதாவது ஒன்றின் பலனை மற்றது கெடுக்கிறது. நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி ஏன்? ஒரு குழி தள்ளிப் படித்தாலே அளவு இரட்டிப்பாகிவிடும், அதனால்தான்.

காஸ்போஃபஞ்சின்தான் இங்கே தலைவலி. அது வளர்ச்சியை முழுதாக நிறுத்தாது. இழைகள் குட்டையாக, தடித்து, தாறுமாறாகக் கிளைத்து நிற்கும். வெறும் கண்ணால் பார்த்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றலாம். நுண்ணோக்கியில் பார்ப்பது நல்லது.

ஈடெஸ்டில் இந்தப் பாடெல்லாம் குறைவு. பூஞ்சை வளரும் அகர் கூழ்த் தட்டில், மருந்தின் அளவு படிப்படியாகக் குறையும் இரண்டு பட்டைகளைக் குறுக்காக வைத்தால் போதும். சரி, ஆனால் கிடைப்பது ஓரிரு கலவைகளின் விடை மட்டுமே. அவசரத்துக்குப் பட்டை உதவும். முடிவெடுக்க நான் செக்கர்போர்டைத்தான் நம்புவேன்.

அதையும் ஓரளவுக்குத்தான்; நோயாளிகளிடம் விடை அவ்வளவு தெளிவாக இல்லை. 2015-இல் வெளியான மருத்துவச் சோதனையில் வோரிகோனசோலோடு காஸ்போஃபஞ்சின் வகையைச் சேர்ந்த அனிடுலாஃபஞ்சின் சேர்த்தவர்களில் ஆறு வாரத்துக்குள் இறந்தோர் 19.3%, சேர்க்காதவர்களில் 27.5%. அந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை.