நேரத்துக்கு உத்தரவாதம் தரும் ஓட்டப் பயிற்சியாளர்களிடம் எச்சரிக்கை

அரை மராத்தானில் (21.1 கிலோமீட்டர் ஓட்டம்) தங்கள் சிறந்த நேரத்தை முறியடிக்க இணையவழிப் பயிற்சியாளரைத் தேடுகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். “12 வாரங்களில் புதிய நேரம், இல்லையேல் முழுப் பணமும் வாபஸ்” என்று விளம்பரம் செய்த ஒருவரிடம் சேர்ந்தேன். எலும்பில் விரிசலோடு வெளியே வந்தேன். பணமும் திரும்பவில்லை.

சேரும்போதே நீண்ட படிவம் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். முந்தைய அரை மராத்தான் 2 மணி 4 நிமிடம், 10 கிலோமீட்டர் 56 நிமிடம், வாரத்துக்கு ஓடுவது சுமார் 30 கிலோமீட்டர் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். ஒரு தூரத்தை ஓடிய நேரத்தை வைத்து இன்னொரு தூரத்துக்கான நேரத்தைக் கணிக்கும் பீட்டர் ரீகலின் சூத்திரத்தை ஓட்டக்காரர்கள் பலர் அறிவார்கள். 10 கிலோமீட்டரை 56 நிமிடத்தில் ஓடுகிறவர் 21.1 கிலோமீட்டரை ஏறத்தாழ 2 மணி 4 நிமிடத்தில் முடிப்பார் என்றுதான் அதுவும் சொல்கிறது. என் அன்றைய திறன் என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை.

‘உங்களுக்கென்றே எழுதியது’ என்று வந்த அட்டவணையில் இலக்கு 1 மணி 45 நிமிடம். செவ்வாய் இன்டர்வெல் (இடைவெளி விட்டு விட்டு வேகமாக ஓடுவது), வியாழன் டெம்போ (சற்றுக் கடினமான வேகத்தில் தொடர்ந்து ஓடுவது), ஞாயிறு நெடுந்தூரம். இடையில் ‘மெதுவான ஓட்டம்’ என்று போட்டு, கிலோமீட்டருக்கு 5:45 (5 நிமிடம் 45 விநாடி) என்று வேகம் குறித்திருந்தார்கள். 2 மணி 4 நிமிடத்தில் ஓடுகிறவரின் போட்டி வேகமே 5:53! களைப்பாற வேண்டிய நாளிலும் போட்டியைவிட வேகமாக ஓடச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வாரத் தூரம் 52 கிலோமீட்டர். இதைக் கேட்டபோது, “அட்டவணையை நம்புங்கள், உடல் பழகிவிடும்” என்று பதில் வந்தது.

இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பு அப்படியல்ல. புதிய சுமை ஏறும்போது எலும்பின் பழைய திசு முதலில் அரிக்கப்பட்டு, அதன் பிறகே புதியது படிகிறது. அந்த இடைவெளியில் எலும்பு பலவீனமாக இருக்கும். பயிற்சி சொல்லித்தரக் காசு வாங்குகிறவருக்கு இது பாலபாடம்.

கணைக்கால் எலும்பின் உட்புறத்தில் வலி தொடங்கியது. முதலில் நீளவாக்கில் பரவலாக இருந்தது. பிறகு ஒரே புள்ளியில் குவிந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் துள்ளி எழ வைக்கும், இரவில் படுத்திருக்கும்போதும் விண்ணென்று தெறிக்கும். வலியின் இடத்தை வட்டமிட்டுப் படம் அனுப்பினேன். “ஐஸ் வையுங்கள், ஞாயிறு ஓட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்” என்றார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் விரிசல் தெரிந்தது. தொடக்கநிலை விரிசல் எக்ஸ்ரேயில் தப்பிவிடுவது வழக்கம் என்று மருத்துவர் சொன்னார். இதே வலி உங்களுக்கு இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். பயிற்சியாளரின் அனுமதிக்குக் காத்திருக்காதீர்கள்.

பணத்தைக் கேட்டபோது உத்தரவாதத்தின் நிபந்தனையைக் காட்டினார்கள்: எல்லாப் பயிற்சிகளையும் விடாமல் முடித்தவருக்கே பணம் திரும்பும். காயத்தால் ஓடாத நாள்களும் ‘விட்ட நாள்கள்’ கணக்கில்தான் சேருமாம். அந்த அட்டவணையில் காயம்படாமல் தப்பினால்தான் உத்தரவாதமே செல்லும் என்றால், அது என்ன உத்தரவாதம்?

அதே குழுவில் முதல் அரை மராத்தானுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் அவருடைய அட்டவணையைக் கேட்டுப் பார்த்தேன். எழுத்துப்பிழை உட்பட அச்சு அசல் என்னுடையதேதான்.

அவர்கள் காட்டும் ‘வெற்றி’ப் படங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்றில் கைக்கடிகாரம் காட்டிய தூரம் 20.6 கிலோமீட்டர். பாக்கி அரை கிலோமீட்டரை ஓட இரண்டரை நிமிடமாவது ஆகும். அவர்கள் பெருமையடித்த முன்னேற்றமே அவ்வளவுதான். போட்டி நடத்துகிறவர்கள் வெளியிடும் முடிவுப் பட்டியலில் உள்ள நேரத்தைக் கேளுங்கள். மெதுவான ஓட்டத்துக்கு என்ன வேகம் தருவீர்கள், அதை எதிலிருந்து கணக்கிட்டீர்கள் என்றும் கேளுங்கள். நீங்கள் இன்று ஓடும் நேரத்திலிருந்து அல்லாமல் ஆசைப்படும் நேரத்திலிருந்து கணக்கிடுகிறவர் என்றால் அங்கேயே விலகிவிடுங்கள். காயம் வந்தால் பணத்தின் கதி என்ன என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டப் பயன்படுத்திய வங்கி அட்டையின் நிறுவனத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை. 52 கிலோமீட்டரில் தொடங்கி 1:45 இலக்கு போட்ட அட்டவணை உங்களிடமும் இருந்தால் ரசீதையும் உரையாடலையும் அழித்துவிடாமல் எனக்கு எழுதுங்கள். புகாரில் சேர்த்துக் கொடுக்கலாம்.