அக்காவுக்குக் கொடுத்த இரண்டு காபி மேக்கர்கள்

அக்காவின் பிறந்தநாளுக்கு நான் முதலில் வாங்கிக் கொடுத்தது எஸ்பிரெசோ மெஷின். எட்டு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனால், அடுப்படி மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கிறாள். கேட்டதற்கு, "காபி நல்லாத்தான்டா இருக்கு. காலையில ஆறரை மணிக்கு அதோட மல்லுக்கட்ட முடியல" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். அந்த மெஷின் 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைத் தூளுக்குள் செலுத்துகிறது. தூள் கொஞ்சம் பெருவெட்டாக இருந்தால் காபி தண்ணியாக ஓடிவிடும். ரொம்ப நைசாக இருந்தால் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசக்கும். அதற்கென்றே நல்ல கிரைண்டர் ஒன்று வேண்டும். பால் நுரைக்கும் குழாயை உடனே துடைக்காவிட்டால் பால் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வாங்கும்போது ருசியை மட்டும் பார்த்தேன். கழுவப்போவது யார் என்று யோசிக்கவே இல்லை.

அடுத்த வருடம் அலுமினிய மோக்கா பாட் கொடுத்தேன். ஐந்து வருடமாகத் தினமும் அடுப்பில் ஏறுகிறது. 1933-ல் இத்தாலியில் வந்த பாத்திரம் இது. கீழே தண்ணீர், நடுவில் தூள், மேலே காபி வந்து சேரும் குவளை, அவ்வளவுதான். கீழ்ப் பாத்திரத்தில் சேரும் அழுத்தம் வெந்நீரைத் தூள் வழியாக மேலே தள்ளுகிறது. தண்ணீர் சேஃப்டி வால்வுக்குக் கீழேயே நிற்க வேண்டும், தூளை அழுத்தக் கூடாது, தீ சிறிதாக இருக்க வேண்டும். கொரகொரவென்று சத்தம் வந்ததும் இறக்கிவிட்டால் கசப்பு ஏறாது.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'மூன்று கப்' என்றால் ஏறக்குறைய 50 மில்லி பிடிக்கும் குட்டிக் கப் மூன்று. பால் கலந்து ஒரு பெரிய கப் குடிக்கும் அக்காவுக்கு அது கச்சிதம். ஒருவருக்காக ஆறு கப் பாட் வாங்காதீர்கள். தூள் தட்டைப் பாதி நிரப்பினால் காபி சரியாக வராது. பரிசு பெறப்போகிறவர் வீட்டு அடுப்பையும் விசாரித்துக்கொள்ளுங்கள். இண்டக்ஷன் என்றால் சாதாரண அலுமினியம் சூடாகாது, அதற்கேற்ற ஸ்டீல் மாடல்தான் வேண்டும். டிஷ்வாஷரில் போட்டால் அலுமினியம் கறுத்துவிடும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

இரண்டாம் வருடம் ஒரு நாள் அக்கா போன் செய்தாள். "பாட் போச்சுடா, மேல ஏறவே மாட்டேங்குது." போய்ப் பார்த்தேன். மரை சேரும் இடத்தில் ஆவி உஸ்ஸென்று கசிந்து, பாதிக் காபி வெளியே வழிந்திருந்தது. உள்ளே ஆவி கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் நகம் பதியாத அளவுக்கு இறுகிப் போயிருந்தது. கத்தி முனையால் நெம்பி எடுத்துப் புதியதைப் போட்டதும் பழையபடி ஏறியது.

நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கிளம்பும் வீட்டுக்கு மோக்கா பாட் சரிப்படாது. அங்கே, தூள் மேல் வெந்நீரைச் சொட்டவிட்டு ஜாடியில் காபி இறக்கும் டிரிப் மேக்கர் கொடுக்கலாம், அதிலும் ஃபிளாஸ்க் வைத்ததாகப் பாருங்கள். கண்ணாடி ஜாடி சூட்டுத் தட்டிலேயே இருந்தால் அரைமணியில் காபி காறிப்போகும்.

இப்போது யாருக்கு மோக்கா பாட் கொடுத்தாலும் அளவு பார்த்து இரண்டு கேஸ்கெட்டையும் பெட்டிக்குள் போட்டுத்தான் கொடுக்கிறேன்.