ரிப்பேர் ஸ்டாண்ட் வாங்கினேன், முன் டீரெயிலரின் கோணல் தெரிந்தது

சைக்கிள் ரிப்பேர் ஸ்டாண்ட் ஒன்று வாங்கி நாலு மாதம் ஆகிறது. வாங்கியது ஒரே வேலைக்காக: முன் டீரெயிலரை, அதாவது பெடல் பக்கத்துப் பல்சக்கரங்களுக்கு இடையே செயினை மாற்றும் கருவியை, சரிசெய்ய. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குத் தடம் புரட்டுவது என்றுதான் அர்த்தம். என்னுடையது பெயருக்கேற்ற பிள்ளை. சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றினால், செயின் அதையும் தாண்டி ஃபிரேம் பக்கம் போய் விழும்.

அதுவரை சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுத்தான் வேலை பார்த்தேன். கியர் லீவர் தரையோடு தரையாகக் கிடக்கும். மேல் எது, கீழ் எது என்றே குழம்பிப்போகும்.

ஸ்டாண்டுக்கு மூன்று கால், மடக்கி வைக்கலாம். மேலே உள்ள ரப்பர் பிடி சீட் போஸ்ட்டைக் கவ்விக்கொள்ளும். (ஃபிரேம் குழாயில் மாட்டாதீர்கள், நசுங்கினால் போச்சு.) பெடல் என் நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஸ்க்ரூ அல்ல, கூண்டு. செயினைத் தள்ளும் அந்தக் கூண்டின் வெளித்தகடு பெரிய சக்கரத்தின் பற்களுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் மேலே, சக்கரத்துக்கு இணையாக நிற்க வேண்டும். 2 மில்லிமீட்டர் ஆலன் கீயை இடையில் விட்டுப் பார்த்தேன். தாராளமாக ஆடியது. போதாக்குறைக்குக் கூண்டின் வால் உள்பக்கம் திரும்பியிருந்தது. இது தெரியாமல் ரெண்டு வருஷமாக, செயின் உள்பக்கம் தாண்டாமல் தடுக்கும் ‘எல்’ ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறேன்!

கேபிளைக் கழற்றி, டீரெயிலரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் பட்டையைத் தளர்த்தி, கீ உரசிக்கொண்டு நுழையும் அளவுக்குக் கூண்டை இறக்கி நேராக்கினேன். அப்புறம்தான் ஸ்க்ரூ. முன்னால் சின்னது, பின்னால் பெரியது என்று செயினைப் போட்டு, உள்தகட்டுக்கும் செயினுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் விட்டு ‘எல்’லை நிறுத்தினேன். கேபிளை இழுத்துக் கட்டிவிட்டு, செயினை நேர் எதிர்முனைக்கு (முன்னால் பெரியது, பின்னால் சின்னது) மாற்றி, வெளிப்பக்கம் தாண்டாமல் தடுக்கும் ‘எச்’ ஸ்க்ரூ. அவ்வளவுதான்.

இனி குறைகள். பிடியின் திருகு சரியான சோம்பேறி. கொஞ்சம் அழுத்தினால் சைக்கிள் மூக்கைக் கவிழ்த்துக்கொள்கிறது. இறுகிப்போன பெடலைக் கழற்ற இதை நம்பவே கூடாது. அதற்குச் சைக்கிளைத் தரையில் இறக்கிவிடுகிறேன். முன்சக்கரம் இஷ்டத்துக்குத் திரும்பி முழங்காலில் இடிக்கிறது, அதை ஒரு கயிற்றால் ஃபிரேமோடு கட்ட வேண்டியிருக்கிறது. கூடவே வந்த பிளாஸ்டிக் தட்டு ஒரு வேடிக்கை. சாய்வாக மாட்டுகிறது, வைத்த போல்ட் எல்லாம் உருண்டு விழுகிறது.

இன்னொன்று, இது ஸ்டாண்டின் தப்பு அல்ல. அதில் மாட்டிச் சுற்றும்போது செயினில் பாரமே இல்லை. அங்கே வெண்ணெயாக மாறிய கியர், நான் ஏறி மிதித்ததும் பெரிய சக்கரத்துக்கு ஏற மறுத்தது. கேபிள் முனையில் இருக்கும் திருகு உருளையை அரைச்சுற்று வெளியே திருப்பிய பிறகே சரியானது. அதனால் ஓட்டிப் பார்க்காமல் கருவிகளை எடுத்து வைக்காதீர்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பிடி ஒழுங்காக இருந்தால் நாலரை. செயின் அதற்கப்புறம் ஒரு தடவைகூட விழவில்லை. பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிப் போட்டுவிட்டேன். போல்ட்டுக்கெல்லாம் இப்போது ஒரு பழைய டப்பா மூடி.