பெருங்குடலுக்கே போகும் என்ற மஞ்சள் கேப்சூல்: ஒரு நட்சத்திரம்

அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவி கீமோ ஓடிக்கொண்டிருந்தபோது, நேராகப் பெருங்குடலுக்கே போய் வேலை செய்யும் என்ற விளம்பரத்தை நம்பி மஞ்சள் கிழங்கில் இருக்கிற குர்குமின் அடைத்த இந்தக் கேப்சூலை வாங்கினேன்.

டப்பாவைத் திருப்பிப் படித்தால் சாதாரண ஜெலட்டின் கூடு. அது வயிற்றிலேயே கரைந்துவிடும். பெருங்குடல் வரை போக வேண்டுமென்றால் அமிலத்தன்மை போய் பிஹெச் (அமில-கார அளவு) 7 வந்த பிறகே கரையும் பூச்சோ, அங்குள்ள பாக்டீரியா உடைக்கிற பெக்டின், கொத்தவரை கோந்து மாதிரி ஒரு உறையோ வேண்டும், ஆய்வுக்கூடங்களில் அப்படித்தான் முயன்று பார்க்கிறார்கள், இதில் அப்படி எதுவுமே இல்லை. போதாததற்கு மிளகின் பைப்பரின் வேறு. அது குர்குமினை ரத்தத்தில் சேர்க்கத்தான் உதவும், அப்புறம் பெருங்குடலுக்கு என்ன மிஞ்சும்?

பைப்பரின் மற்ற மருந்துகளின் அளவையும் மாற்றலாம் என்று டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். அப்பாவுக்கு ஏற்றிய கீமோ மருந்தான இரினோடெக்கானும் ஒரு சீன மரத்தில் கிடைக்கிற கேம்ப்டோதெசின் என்ற பொருளிலிருந்து வந்ததுதான், ஆனால் அது மனிதர்களிடம் சோதித்து, அளந்து நரம்பில் ஏற்றுகிற மருந்து. கீமோவில் இருப்பவர்கள் டாக்டரிடம் டப்பாவைக் காட்டாமல் விழுங்காதீர்கள், தயவுசெய்து.

மீதியைத் திருப்பி எடுக்கச் சொன்னேன், பிரித்ததை வாங்க மாட்டார்களாம்.