மூன்றில் இரண்டு கையொப்பம்: ஸ்மார்ட் கான்ட்ராக்ட் வாலட்டுடன் நான்கு ஆண்டுகள்

2021ஆம் ஆண்டின் இறுதியில், நான் சேர்த்துவைத்திருந்த ஈதரை, அதாவது எதீரியம் என்னும் பிளாக்செயினின் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் பொதுப் பதிவேட்டின்) நாணயத்தை, சாதாரண வாலட்டிலிருந்து நோசிஸ் சேஃப் என்னும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் வாலட்டுக்கு மாற்றினேன். அடுத்த ஆண்டே அதன் பெயர் சேஃப் என்று சுருங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை அதையே பயன்படுத்துகிறேன். இதற்கு மாற எண்ணுவோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

சாதாரண வாலட்டில் கணக்கு என்பது ஒரே ஒரு தனிச்சாவிதான், அதாவது பணத்தை அனுப்ப அதிகாரம் தரும் ரகசிய எண். அதை மீட்டெடுக்கும் 12 அல்லது 24 சொற்கள் யார் கையில் கிடைத்தாலும் பணம் அவருடையதாகிவிடும். அந்தச் சொற்கள் தொலைந்தால் பணமும் தொலைந்தது. ஸ்மார்ட் கான்ட்ராக்ட் வாலட்டில் கணக்கே எதீரியத்தில் பதிந்திருக்கும் ஒரு நிரல். உரிமையாளர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் கையொப்பமிட்டால் பணம் நகரும் என்ற விதிகள் அந்த நிரலுக்குள் எழுதப்பட்டிருக்கின்றன. எங்கள் வாலட்டுக்கு மூன்று உரிமையாளர்கள்: என் ஹார்டுவேர் வாலட் (சாவியை இணையத்துக்கு வெளியே வைத்திருக்கும் சிறு கருவி), என் மனைவியின் கைபேசியில் உள்ள சாவி, வேறு ஊரில் வசிக்கும் தம்பியின் ஹார்டுவேர் வாலட். எந்த இருவர் கையொப்பமிட்டாலும் போதும். நிரல் தானாக எதையும் தொடங்காது என்பதால், கையொப்பங்கள் சேர்ந்த பிறகு ஒரு சாதாரண கணக்கு அந்தப் பரிவர்த்தனையை அனுப்பிக் கேஸ் கட்டணம் (செயல்படுத்தும் வேலையைக் கேஸ் என்ற அலகில் அளந்து நெட்வொர்க் வாங்குவது) செலுத்த வேண்டும். வாலட்டில் ஈதர் நிறைய இருந்தும் அனுப்பும் கணக்கில் கட்டணத்துக்கு ஒன்றுமில்லாமல் முதல் வாரத்திலேயே நான் விழித்தேன்.

இந்த அமைப்பின் அருமை 2023இல் புரிந்தது. மனைவியின் கைபேசி தண்ணீரில் விழுந்து பழுதானது. சொற்களை எழுதிவைத்த தாளும் கிடைக்கவில்லை. புதிய கைபேசியில் புதிய சாவியை உருவாக்கி, பழைய உரிமையாளரின் இடத்தில் அதைச் சேர்க்கும் பரிவர்த்தனையைத் தயாரித்துவிட்டுத் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். "அண்ணா, முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் மட்டும் சொல்லாதீர்கள், முகவரி முழுவதையும் படியுங்கள்" என்றான். முதலும் கடைசியும் ஒன்றுபோல் இருக்கும் போலி முகவரிகளை உருவாக்கி ஏமாற்றுவது வழக்கமாகிவிட்டதால் அவன் கேட்டது முற்றிலும் சரி. இருவரும் கையொப்பமிட்டோம்; சில நிமிடங்களில் பழைய சாவி செல்லாததாகிவிட்டது. வாலட்டின் முகவரி மாறவில்லை, பணத்தை வேறெங்கும் நகர்த்தவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அதே சாவி மாற்றம் மறு ஆண்டு வேறொரு வகையில் எங்களை உலுக்கியது. 2024 மார்ச் 13இல் எதீரியத்தில் நடந்த டென்கன் மேம்படுத்தலுக்குப் பிறகு, அதன் மேல் இயங்கும் ஆர்பிட்ரம் போன்ற இரண்டாம் அடுக்கு நெட்வொர்க்குகளில் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. எனக்குப் பணம் தரவேண்டிய நண்பர் ஒருவர், எதீரியத்துக்கு நான் கொடுத்திருந்த அதே முகவரிக்கு ஆர்பிட்ரத்தில் யுஎஸ்டிசி (டாலர் மதிப்பிலான டோக்கன்) அனுப்பிவிட்டார். சாதாரண வாலட்டாக இருந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஒரே சாவி எல்லா நெட்வொர்க்கிலும் செல்லும். எங்கள் வாலட்டோ எதீரியத்தில் மட்டும் நிறுவப்பட்ட நிரல். ஆர்பிட்ரத்தில் அந்த முகவரியில் ஒன்றுமே இல்லை, பணம் மட்டும் வந்து கிடந்தது.

2022 ஜூனில் இதே தவறால் விண்டர்மியூட் என்னும் கிரிப்டோ வர்த்தக நிறுவனத்துக்குரிய, ஆப்டிமிசம் என்னும் மற்றோர் இரண்டாம் அடுக்கு நெட்வொர்க்கின் 2 கோடி டோக்கன்கள் அந்நியர் ஒருவர் கைக்குப் போயின. எதீரியத்தில் இருந்த அவர்களது பழைய சேஃப் முகவரியை அவர் ஆப்டிமிசத்தில் முந்திக்கொண்டு நிறுவிவிட்டார். பழைய முறையில் உருவான வாலட்டின் முகவரி, அது எத்தனையாவதாக உருவானது என்ற வரிசை எண்ணைப் பொறுத்து அமைந்ததே அதற்கு வழிவிட்டது. எங்கள் வாலட் உருவான முறையில், தொடக்க உரிமையாளர்களின் பட்டியலும் முகவரிக் கணக்கீட்டில் சேர்ந்திருப்பதால் அந்நியர் அதை நிறுவினாலும் உரிமை எங்களுக்கே வரும். அதே மூல ஒப்பந்தம் (வாலட்டின் விதிகளை இயக்கும் அடிப்படை நிரல்), அதே தொடக்க விவரங்கள், அதே தொடக்க எண் (வாலட்டை உருவாக்கும்போது கொடுத்த எண்) ஆகியவற்றைக் கொடுத்தால் ஆர்பிட்ரத்திலும் அதே முகவரியில் வாலட் எழும்பும்.

அப்படி எழும்பும் வாலட் 2021ஆம் ஆண்டின் உரிமையாளர்களுடன்தான் பிறக்கும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அந்தப் பட்டியலில், தண்ணீரில் அழிந்துபோன மனைவியின் பழைய சாவியும் ஒன்று. என்னுடையதும் தம்பியுடையதும் மாறாமல் இருந்ததால் இரண்டு கையொப்பம் கிடைத்தது. பணத்தை மீட்டோம், உடனே அங்கும் சாவியை மாற்றினோம். மூன்றில் இரண்டு சாவிகளை அதற்குள் மாற்றிப் பழையவற்றை அழித்திருந்தால், நண்பர் அனுப்பிய தொகை எவராலும் எடுக்க முடியாதபடி அங்கேயே கிடந்திருக்கும். உரிமையாளர் பட்டியல் நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் தனித்தனியானது, ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்றோரிடத்துக்குத் தானாகப் போகாது என்பதை இந்த வகை வாலட்டை அறிமுகப்படுத்துவோர் முதல் பாடமாகவே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அன்றாடச் சிரமங்களும் உண்டு. ஈதர் அனுப்பச் சாதாரண கணக்குக்கு 21,000 கேஸ் போதும் என்றால், இங்கே அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு ஆகிறது. நான் கணக்கு வைத்திருந்த ஒரு கிரிப்டோ பரிமாற்றகத்துக்கு இதிலிருந்து ஈதர் அனுப்பியபோது, நிரல் வழியாக வந்த தொகையை அவர்களின் மென்பொருள் கண்டுகொள்ளாததால் அது என் இருப்பில் ஏற மூன்று வாரங்களும் பல கடிதங்களும் தேவைப்பட்டன. இன்னொன்று: உரிமையாளர்களின் முகவரிகள் எல்லாருக்கும் தெரியும்படி பிளாக்செயினில் இருக்கின்றன. அதனால் அந்த மூன்று சாவிகளை வேறெதற்கும் பயன்படுத்துவதில்லை.

2025 பிப்ரவரி 21இல் பைபிட் பரிமாற்றகத்திலிருந்து சுமார் 4 லட்சம் ஈதர், ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ளது, களவுபோனபோது நான் பல இரவுகள் தூங்கவில்லை; அவர்கள் பயன்படுத்தியதும் சேஃப் வாலட்தான். ஒப்பந்த நிரலில் குறையில்லை. சேஃப் குழுவினர் ஒருவரின் கணினி வழியாக ஊடுருவியவர்கள் இணையப் பக்கத்தின் நிரலை மாற்றினார்கள். கையொப்பமிட்டவர்களின் திரையில் வழக்கமான பணமாற்றம் தெரிந்தது, உண்மையில் அவர்கள் கையொப்பமிட்டதோ வாலட்டின் மூல ஒப்பந்தத்தையே மாற்றிவிடும் கட்டளைக்கு. அதன்பின் நாங்கள் மூவரும் இணையப் பக்கத்தை மட்டும் நம்பிக் கையொப்பமிடுவதில்லை. பரிவர்த்தனையின் ஹாஷை (அதன் விவரங்களிலிருந்து கணக்கிடப்படும் சுருக்கக் குறியீட்டை) வேறொரு கணினியில் தனியாகக் கணக்கிட்டு, ஹார்டுவேர் வாலட்டின் திரையில் தெரிவதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறோம். செயல்வகை என்ற இடத்தில் 0 இருக்க வேண்டும். 1 இருந்தால் அது டெலிகேட் கால், அதாவது வெளியார் நிரல் ஒன்று எங்கள் வாலட்டுக்குள் புகுந்து இயங்க அனுமதி. அதை நாங்கள் தொடுவதில்லை. உரிமையாளர் கையொப்பமின்றியே பணத்தை நகர்த்தக்கூடிய மாட்யூல்கள் என்னும் துணை நிரல்களையும் இணைப்பதில்லை. 2017 நவம்பரில் பாரிட்டி என்னும் இன்னொரு வகை வாலட்டுகள் பொதுவாகச் சார்ந்திருந்த நூலக நிரல் அழிக்கப்பட்டு, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈதர் முடங்கியதை எண்ணும்போது, வாலட்டில் நிரல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றே நினைக்கிறேன்.

2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இ.ஆர்.சி-4337 என்னும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் வாலட் விதிமுறையில் இயங்கும் வாலட் ஒன்றைச் சிறு செலவுகளுக்கு வைத்திருக்கிறேன். கைரேகையால் கையொப்பமிடுவதும் கேஸ் கட்டணத்தை யுஎஸ்டிசியில் செலுத்துவதும் மிகவும் வசதி. எதீரியத்தின் 2025 மே மாதப் பெக்ட்ரா மேம்படுத்தலில் வந்த இ.ஐ.பி-7702 என்னும் மாற்றம் சாதாரண கணக்குக்கும் இத்தகைய வசதிகளைத் தருகிறது. ஆனால் அதில் பழைய தனிச்சாவியின் முழு அதிகாரம் அப்படியே நீடிப்பதால், சேமிப்புக்கு அதை நான் ஏற்கவில்லை.

இப்போது எங்கள் மூவரிடமும் ஒரே தாள் இருக்கிறது. வாலட் எந்தெந்த நெட்வொர்க்கில் உள்ளது, எந்தப் பதிப்பு, தொடக்க உரிமையாளர்கள் யார், தொடக்க எண் என்ன, எப்போது எந்தச் சாவி மாறியது என்பவை அதில் உள்ளன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மூவரில் ஒருவர் விலகியிருக்க, மற்ற இருவரும் சிறு தொகை ஒன்றை அனுப்பிப் பார்க்கிறோம். சென்ற முறை விலகியிருந்தவன் நான். மனைவியும் தம்பியும் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல், 40 நிமிடத்தில் 10 யுஎஸ்டிசியை அனுப்பி முடித்தார்கள்.